மீண்டும் வேலைக்கு அனுப்பும் மறுவாழ்வுச் சேவை: லேத் ஆபரேட்டர் ஒருவரின் மதிப்புரை

அடிபட்ட தொழிலாளர்களை விரைவாகத் தேற்றி மீண்டும் வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லும் மறுவாழ்வுச் சேவைகளில் பல வகை உண்டு. மருத்துவமனையோடு சேர்ந்து இயங்குபவை, காப்பீட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்திருப்பவை, தொழிற்சாலைகளுக்கே நேரடியாகச் சேவை வழங்குபவை என்று அவற்றைப் பிரிக்கலாம். நான் பயன்படுத்தியது மூன்றாம் வகை. என் வலது மணிக்கட்டு முறிந்தபோது, நான் லேத்தில் (உலோகத் துண்டைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில்) வேலை செய்யும் நிறுவனமே என்னை அங்கே அனுப்பியது. கட்டணத்தையும் நிறுவனமே செலுத்தியது. சேவையின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். குறைகளையும் எழுதப் போகிறேன் என்பது ஒரு காரணம். இதே முறையில் இயங்கும் எந்தச் சேவைக்குப் போனாலும் எதைக் கேட்டுப் பெற வேண்டும், எந்தத் தாளில் கையெழுத்திடும் முன் யோசிக்க வேண்டும் என்பதே படிப்பவருக்குப் பயன்படும் என்பது மற்றொரு காரணம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கூடத்துக்காகவோ கருவிகளுக்காகவோ கைப்பேசிச் செயலிக்காகவோ இத்தகைய சேவையை நாட வேண்டியதில்லை. அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அவையெல்லாம் கிடைத்துவிடும். தெரபிஸ்ட் ஒருவர் பட்டறைக்கே வந்து, நான் செய்யும் வேலையைக் கண்ணால் பார்த்து, அளந்து, சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஃபோர்மேனோடு உட்கார்ந்து பேசினாரே, அதுதான் வேறு எங்கும் எனக்குக் கிடைக்காதது. நான் எண்ணியிருந்ததைவிட முன்னதாகவே வேலைக்குத் திரும்பியதற்கு அதுவே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். அதே சமயம், யாருடைய பணத்தில் சேவை நடக்கிறதோ அவருடைய அவசரமும் சேவைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதைப் பார்த்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஆரை எலும்பின் கீழ்முனை, அதாவது முன்கையில் கட்டைவிரல் பக்கமாக இறங்கி மணிக்கட்டில் முடியும் எலும்பு, முறிந்தால் வழக்கமாக நடப்பது பலருக்கும் தெரிந்ததே. எலும்பு விலகாமல் இருந்தால் ஏறக்குறைய 6 வாரம் மாவுக்கட்டு, பிறகு எக்ஸ்ரே, எலும்பு கூடியிருந்தால் கட்டைப் பிரித்து, விரல்களையும் மணிக்கட்டையும் அசைத்துப் பழகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கட்டுப் பிரித்த கையை ஒருமுறை பார்த்தவர், எலும்பு கூடுவதும் கை தேறுவதும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்வார். முன்கைத் தசை மெலிந்திருக்கும்; உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முயன்றால் தோள்தான் சாயும், கை திரும்பாது. இந்த நிலையில் கையில் கிடைக்கும் சான்றிதழ் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது: வேலைக்குச் செல்லத் தகுதியானவர், அல்லது இன்னும் இத்தனை நாள் ஓய்வு தேவை. முழு வேலைக்கும் முழு ஓய்வுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கக்கூடும் என்பதை அந்தத் தாள் ஒப்புக்கொள்வதில்லை. பிரிட்டனில் 2010 ஏப்ரல் முதல் இந்தத் தாளையே மாற்றிவிட்டார்கள். 'தக்க ஏற்பாடுகள் இருந்தால் வேலை செய்யலாம்' என்று மருத்துவர் குறிக்கவும், படிப்படியாகத் திரும்புதல், நேர மாற்றம், வேலை மாற்றம், பணியிடத்தில் வசதி என்னும் நான்கில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கவும் அதில் இடம் உண்டு. நான் மதிப்பிடும் சேவை செய்ய முயல்வதும் அந்த நடு இடத்தை உருவாக்கும் வேலையைத்தான்.

அசையாமல் கிடந்தால்தான் ஆறும் என்னும் எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. முறிந்த எலும்பு கூடும்வரை அதை அசைக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் அந்த ஒரு விதியை உடம்பு முழுவதற்கும், கட்டுப் பிரித்த பிறகு வரும் மாதங்களுக்கும் சேர்த்து நீட்டிவிடுகிறோம். முதுகுவலியைப் பொறுத்தவரை இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 7 நாள் படுக்கை ஓய்வு சொல்லப்பட்டவர்களைவிட 2 நாள் மட்டும் சொல்லப்பட்டவர்கள் வேலைக்குச் செல்லாத நாட்கள் 45 சதவீதம் குறைவாக இருந்தன; மற்றபடி அவர்கள் தேறுவதில் பின்தங்கிவிடவில்லை. 1995இல் வெளியான மற்றோர் ஆய்வு ஹெல்சிங்கி நகர ஊழியர்களைப் பற்றியது. படுக்கையில் கிடந்தவர்களையும், முதுகுக்கென்று தனிப் பயிற்சி செய்தவர்களையும்விட, வலி பொறுக்கும் அளவுக்குள் அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்களே விரைவாகத் தேறினார்கள். சேவையின் அறிமுக வகுப்பில் இந்தச் செய்திகளை ஆர்வத்தோடு சொன்னார்கள். முதுகுப் பிடிப்பும் எலும்பு முறிவும் வேறு வேறு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். அருகில் அமர்ந்திருந்த, கணுக்கால் முறிந்த ஒருவர் நாளையே நடக்கலாமா என்று கேட்ட பிறகுதான் அந்த விளக்கம் வந்தது.

அவர்கள் கொடுத்த கையேட்டின் முதல் பக்கத்தில், ஆஸ்திரேலியாவில் இத்துறையினர் அடிக்கடி மேற்கோள் காட்டும் எண்கள் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. 20 நாள் வேலைக்கு வராதவர் மீண்டும் வரும் வாய்ப்பு 70 சதவீதம். 45 நாள் ஆகிவிட்டால் 50 சதவீதம். 70 நாள் ஆகிவிட்டால் 35 சதவீதம். மாவுக்கட்டோடு உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் பலமாக அடிபட்டவர்தானே அதிக நாள் வீட்டில் இருப்பார்? அவர் திரும்பாமல் போவதற்கு அடியும் காரணம், கழிந்த நாளும் காரணம். இரண்டையும் பிரிக்காமல் பழி முழுவதையும் நாளின் தலையில் போடுவது சரியான கணக்கல்ல. ஆளை விரட்டுவதற்கு வசதியான கணக்கு. நாள் நீள நீள நிர்வாகத்தோடு இருந்த தொடர்பு தளர்வதும், நம் இடத்தில் வேறொருவர் பழகிவிடுவதும், இனி நம்மால் முடியுமா என்ற சந்தேகம் வளர்வதும் உண்மை. அந்த அளவுக்கு அந்த எண்களை எடுத்துக்கொண்டால் போதும்.

முதல் சந்திப்பு முழுவதும் மதிப்பீட்டிலேயே கழிந்தது. அதை நன்றாகவே செய்தார்கள். பிடிவலிமையை அளக்க, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, மேற்கையை உடம்போடு ஒட்டி, முழங்கையை 90 பாகைக்கு மடக்கச் சொல்லி, ஜமார் டைனமோமீட்டரைக் கையில் கொடுத்தார்கள். அதன் கைப்பிடியை ஐந்து அகலங்களில் மாற்றிப் பொருத்தலாம். வழக்கமான அளவீடு இரண்டாம் அகலத்தில் நடக்கிறது. மும்முறை அழுத்தி சராசரி எடுக்கிறார்கள். பிறகு இடக்கையோடு ஒப்பிடுகிறார்கள். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலக்கை ஏறக்குறைய 10 சதவீதம் பலம் கூடுதலாக இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. என் வலக்கையோ இடக்கையில் பாதியைக்கூட எட்டவில்லை. அடுத்து ஐந்து அகலங்களிலும் அழுத்தச் சொன்னார்கள். முழு முயற்சியோடு அழுத்துபவரின் அளவுகளைக் கோடாக வரைந்தால் நடுவில் உயர்ந்து இரு ஓரங்களிலும் தாழும். முயற்சியைக் குறைத்துக்கொண்டவருடைய கோடு தட்டையாக வரும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். நடிப்பவரைப் பிடிக்கும் சோதனை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். வலிக்குப் பயந்து தயங்குபவரின் கோடும் தட்டையாகத்தான் வரும் என்பதைத் தெரபிஸ்டே ஒப்புக்கொண்டார். அப்படியானால் அந்தப் படத்தை அறிக்கையில் சேர்ப்பது எதற்கு என்று கேட்டேன். படிவத்தில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது என்றார்.

பர்டூ ஊசிப்பலகைச் சோதனைதான் என் வேலைக்கு நெருக்கமாக இருந்தது. 1948இல் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேர்வு செய்வதற்காக உருவான பலகை அது; இரண்டு வரிசைகளில் வரிசைக்கு 25 துளைகள். கிண்ணத்திலிருந்து சிறிய உலோக ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து 30 விநாடிக்குள் முடிந்தவரை துளைகளில் நட வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரின் சிறு திருகியை மெல்லத் திருப்பும்போது எந்தத் தசைகள் உழைக்கின்றனவோ அவையே இங்கும் உழைக்கின்றன. பிடிவலிமை பாதியாக இருந்தபோதும் இந்தச் சோதனையில் என் கை அவ்வளவாகப் பின்தங்கவில்லை. பாரமான வேலைக்கு நெடுநாள் ஆகும், நுண்ணிய வேலையை இப்போதே தொடங்கலாம் என்னும் முடிவு அங்கேதான் உருவானது. கேள்வித்தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தோள், கை குறைபாட்டுக்கான 30 கேள்விகள் கொண்ட டாஷ் தாள் பொருத்தமாக இருந்தது. அசைவைக் கண்டு அஞ்சுகிறோமா என்பதை அறியும் 17 வாக்கியத் தாளும் தேவையானதே. அதற்கு மேல் தூக்கம், குடும்பம், நிர்வாகத்தின் மீதுள்ள மனக்குறை என்று நீண்ட தாள்கள் வந்தன. அவற்றைப் பற்றிப் பின்னால் எழுத வேண்டியிருக்கிறது.

இனி பட்டறைக்கு வருகிறேன். தெரபிஸ்ட் அளவு நாடா, இழுவிசை அளக்கும் கருவி, நிறுத்தக் கடிகாரம் ஆகியவற்றோடு ஷிப்ட் தொடங்கும் நேரத்திலேயே வந்துவிட்டார். என் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்த சக தொழிலாளியை அரை ஷிப்ட் முழுவதும் நின்று பார்த்தார். 'லேத் ஓட்டுபவர்' என்று மருத்துவமனைத் தாளில் ஒற்றை வரியில் இருந்த என் வேலை அவருடைய குறிப்பேட்டில் பல வரிகளாக விரிந்தது: சக்கில் (உலோகத் துண்டைக் கவ்விச் சுழற்றும் பிடிப்பான்) சாவியைப் போட்டு இறுக்குவதும் தளர்த்துவதும், ஜாபை, அதாவது கடைய வேண்டிய உலோகத் துண்டை, தரையிலிருந்து எடுத்துச் சக்கில் பொருத்துவது, வெட்டும் உளியைப் பிடித்திருக்கும் டூல் போஸ்ட்டின் கைப்பிடியை அழுத்திப் பூட்டுவது, ஜாபின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் சக்கரத்தைச் சுற்றுவது, வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளப்பது, சுருள் சுருளாக விழும் உலோகச் சீவலைக் கொக்கியால் இழுத்து அகற்றுவது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு விசை வேண்டும், மணிக்கட்டு எந்தப் பக்கம் எவ்வளவு மடங்குகிறது, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நிகழ்கிறது என்று குறித்துக்கொண்டார். சக் சாவியில் கருவியை மாட்டி இழுத்துப் பார்த்தபோது, இறுக்குவதைவிடத் தளர்த்துவதற்கே அதிக விசை தேவைப்பட்டது. முதல் இழுப்பில் உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டின் வழியாகவே இறங்குகிறது. பல ஆண்டுகள் அந்த இயந்திரத்தின் முன் நின்ற நான் அதைத் தனியாக எண்ணிப் பார்த்ததே இல்லை.

அன்று நடந்தவற்றில் முக்கியமானது வேறொன்று. எனக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மருத்துவக் குறிப்பில், வேலை நேரத்தில் மணிக்கட்டு ஸ்பிளின்ட் (மணிக்கட்டை அசையாமல் தாங்கும், கழற்றி மாட்டக்கூடிய கவசம்) அணிந்திருக்க வேண்டும் என்று இருந்தது. மருத்துவமனையில் இருந்து பார்த்தால் பழுதில்லாத அறிவுரை. ஆனால் சுழலும் சக்கின் அருகே கையுறை, மோதிரம், தொங்கும் சட்டைக் கை எதுவும் கூடாது என்பது லேத் பட்டறையின் முதல் பாடம். வெல்க்ரோ பட்டை ஒன்றின் நுனி சுழலும் ஜாபில் சிக்கினால் கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்பிளின்ட்டைப் போட்டால் இயந்திரத்தால் ஆபத்து, கழற்றினால் மணிக்கட்டுக்கு ஆபத்து. இந்த முடிச்சு எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது. பட்டறைக்கு வந்து நின்றவர் ஓடும் இயந்திரத்தைப் பார்த்த சிறிது நேரத்திலேயே இதைக் கேட்டார். அங்கிருந்தே மருத்துவருக்குத் தொலைபேசியில் பேசி, ஸ்பிளின்ட் தேவைப்படும் காலம் முழுவதும் சுழலும் இயந்திரத்தின் பக்கமே நான் போகக் கூடாது என்று குறிப்பைத் திருத்தி வாங்கினார். பட்டறைக்கு வராமல் அறிக்கை எழுதும் சேவையிடம் நான் போயிருந்தால், ஸ்பிளின்ட்டோடு லேத்தின் முன் நிற்க எனக்குச் சான்றிதழே கிடைத்திருக்கும்.

அப்படியானால் எந்த வேலைதான் செய்வது என்ற கேள்விக்கு அன்று மாலையே ஒரு சிறு கூட்டம் நடந்தது. தெரபிஸ்ட், ஃபோர்மேன், தொழிலாளர் பிரதிநிதி, நான் ஆகிய நால்வர். 'ஆளும் இங்கேயே இருப்பார், உற்பத்தியும் வராது என்றால் கணக்கை நான் எங்கே காட்டுவது?' என்று ஃபோர்மேன் வெளிப்படையாகவே கேட்டார். நியாயமான கேள்வி. தெரபிஸ்ட் அதற்கு அறிவுரை எதுவும் சொல்லாமல் தன் குறிப்பேட்டைத் திறந்து, பட்டறையில் யாரும் விரும்பிச் செய்யாமல் தேங்கிக் கிடக்கும் நுண்ணிய வேலைகள் எவை என்று அவரிடமே கேட்டார். ஆய்வு மேசையில் அளவு சரிபார்த்தல், வரைபடம் பார்த்து வேலை வரிசைத் தாள் எழுதுதல், டூல்களைத் தயார் செய்து அடுக்குதல் ஆகியவை அப்படித்தான் பட்டியலுக்கு வந்தன. முதல் கட்டம் ஸ்பிளின்ட்டோடு ஆய்வு மேசை, அரை ஷிப்ட். இரண்டாம் கட்டம் ஸ்பிளின்ட் இல்லாமல் சிறிய லேத்தில் இலகுவான ஜாப்கள். சக் சாவிக்கு நீளமான கைப்பிடி. மூன்றாம் கட்டம் என் பழைய இயந்திரம். கனமான ஜாபைத் தூக்க ஹாயிஸ்ட். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் அடுத்ததற்குப் போக என்ன நிபந்தனை, போக முடியாவிட்டால் என்ன செய்வது என்பதும் எழுதப்பட்டன. 'லைட் டியூட்டி' என்று ஒற்றைச் சொல்லில் எழுதி அனுப்பினால் மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள், அல்லது துடைப்பத்தைக் கையில் கொடுப்பார்கள். என் தாளில் இருந்தது வேலை.

இது என் ஒருவனுடைய அனுபவத்தோடு நிற்பதில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பாட்ரிக் லுவாசெல் குழுவினர் 1997இல் வெளியிட்ட ஷெர்ப்ரூக் ஆய்வு, முதுகுவலியால் 4 வாரத்துக்கு மேல் வேலைக்கு வராத தொழிலாளர்களை நான்கு பிரிவாக்கிப் பார்த்தது: வழக்கமான சிகிச்சை, மருத்துவ மறுவாழ்வு, பணியிடத் தலையீடு, பின்னவை இரண்டும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட 2.4 மடங்கு வேகத்தில் தங்கள் பழைய வேலைக்குத் திரும்பினார்கள்; அந்த வேகத்தின் பெரும்பங்கு பணியிடத் தலையீட்டிலிருந்தே வந்தது. அதிலும் தொழிலாளி, மேற்பார்வையாளர், நிர்வாகம், தொழிற்சங்கம் ஆகிய தரப்புகளை நிபுணர் ஒருவர் ஒன்றாக உட்கார வைத்துத்தான் வேலையை மாற்றியமைத்தார். உடம்பை விரட்டுவதால் நாள் குறைவதில்லை, வேலையை உடம்புக்கு ஏற்ப வெட்டிக் கொடுப்பதால்தான் குறைகிறது என்று நான் புரிந்துகொண்டதற்கு இந்த ஆய்வு பக்கபலமாக நிற்கிறது.

ஒரு சிறு தொழில்நுட்பக் குறையையும் சொல்ல வேண்டும். ஜாபைத் தூக்கும் வேலையை மதிப்பிட, அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் எடை தூக்கும் சமன்பாட்டைப் பயன்படுத்தினார்கள். மிகச் சாதகமான நிலையில் 23 கிலோ என்று தொடங்கி, உடம்பிலிருந்து தூரம், உயரம், திரும்பும் கோணம் ஆகியவற்றுக்கு ஏற்ப அளவைக் குறைத்துக்கொண்டே வருவது அதன் முறை. ஆனால் அது உடல்நலமுள்ள தொழிலாளி இரண்டு கையாலும் தூக்குவதற்காக அமைந்த கணக்கு. ஒரு கை தேறாத ஆளுக்கு அதிலிருந்து ஓர் எண்ணை எடுத்துத் தாளில் எழுதினால், பார்க்க அறிவியலாகத் தெரியும், அவ்வளவுதான். பயிற்சிக் கூடத்தில் என் கையாலேயே தூக்கிப் பார்த்து எழுதிய எண் இதைவிட மிகக் குறைவு. கடைசியில் நடைமுறைக்கு வந்ததும் அதுதான்.

பயிற்சிக் கூடத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ரப்பர் களிமண்ணைப் பிசைவது, எடையைப் பிடித்து மணிக்கட்டை மடக்குவது, உள்ளங்கையைத் திருப்புவது எல்லாம் எங்கும் உள்ளவை. ஸ்பிளின்ட்டை மட்டும் அழகாகச் செய்தார்கள்: தெர்மோபிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு, துணி போலத் துவண்டதும் எடுத்துத் துடைத்து, என் கையின் மேலேயே படியவைத்துச் சில நிமிடம் பிடித்திருந்தார்கள். ஆறியதும் அது எலும்பின் மேடு பள்ளங்களோடு அப்படியே பொருந்தியது. கடையில் வாங்கிய ஸ்பிளின்ட் ஒருநாளும் அப்படிப் பொருந்தியதில்லை. மேசையில் பழைய சக் ஒன்றை அசையாமல் பொருத்தி, அதில் சாவியைப் போட்டு இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் தந்தார்கள். பட்டறைக்கு வந்து பார்த்ததன் பலன் அங்கேயும் தெரிந்தது. செயலியோ, ஷிப்ட் நடுவில் மணியடித்துப் பயிற்சியை நினைவூட்டியதைத் தவிர வேறு நன்மை எதையும் செய்யவில்லை.

வலியைப் பற்றி அவர்கள் கற்றுத் தந்தது உண்மையிலேயே மதிப்புள்ளது. வேலையின்போது வலி கொஞ்சம் கூடி, அன்றிரவுக்குள் தணிந்து, மறுநாள் காலையில் கை பழையபடி இருந்தால் அதே அளவில் தொடரலாம். காலையிலும் வலியோ வீக்கமோ நின்றிருந்தால் ஒரு படி இறங்க வேண்டும், அதற்காக நிறுத்திவிட வேண்டியதில்லை. இந்த விதி கையில் இருந்ததால் ஒவ்வொரு சுருக்கென்ற வலிக்கும் நான் மருத்துவமனைக்கு ஓடவில்லை. அதோடு, பொறுத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் தனியாக எழுதித் தந்தார்கள். காயத்தின் அளவுக்கு மீறிய எரிச்சல், தோலின் நிறமும் சூடும் மாறுதல், கை பளபளவென்று வீங்கி வியர்த்தல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது நரம்பு சார்ந்த சிக்கலாக இருக்கலாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டின் நடு நரம்பு நெருக்குண்டிருக்கலாம். முறிவு கூடி வாரங்கள் கழிந்த பின், ஒருநாள் திடீரென்று கட்டைவிரலின் நுனியை நீட்ட முடியாமல் போனால் அதன் தசைநாண் தேய்ந்து அறுந்திருக்கலாம். எலும்பு விலகாத முறிவிலும் இது நேர்வதுண்டு. இந்தக் கடைசிச் செய்தியை எனக்கு அதுவரை எவரும் சொன்னதில்லை.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். முதல் நாள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில், 'சிகிச்சை தொடர்பான தகவல்களை உரியவர்களோடு பகிர' ஒரு வரி இருந்தது. அந்த 'உரியவர்கள்' யார் யார் என்பது பின்னர்தான் தெரியவந்தது. தூக்கம், மனநிலை, நிர்வாகத்தின் மீதுள்ள அதிருப்தி பற்றிய கேள்விகளுக்கு நான் எழுதிய பதில்களின் சுருக்கம் மேலாளரின் மேசைக்குப் போயிருந்தது. 'இரவில் தூக்கமில்லையாமே?' என்று அவர் அக்கறையோடு விசாரித்தபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அக்கேள்விகள் கேட்கப்படுவதில் தவறில்லை. உடற்காயத்தைவிட பயமும் பணியிடக் கசப்புமே சிலரை நெடுநாள் வீட்டில் இருத்திவிடுகின்றன என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்டது; சிகிச்சை அளிப்பவர் அவற்றை அறிந்திருக்க வேண்டும். ஆனால் வேலை தருபவருக்குத் தெரிய வேண்டியது எவ்வளவு தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்த இயந்திரம் கூடாது, எப்போது மறுபரிசீலனை என்பவை மட்டுமே. நான் புகார் செய்த பிறகு அறிக்கையை இரண்டாகப் பிரித்தார்கள். மருத்துவத் தாள் அவர்களிடமே நின்றது. நிர்வாகத்துக்கு ஒற்றைப் பக்கம் மட்டும் போனது. கேட்டால் செய்வார்கள், கேட்காதவருக்குப் பழைய வழக்கமே தொடரும் என்பது சேவையின் பெரிய பலவீனம்.

பணம் தருபவரின் அவசரம் என்று முன்பு சொன்னேன். முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்குப் போகும் நிபந்தனை நிறைவேறும் முன்பே, ஆர்டர் நெருக்கடியைக் காரணம் காட்டி என்னை நகர்த்த முடியுமா என்று நிர்வாகம் கேட்டது. தெரபிஸ்ட் எழுத்தில் மறுத்துவிட்டார். அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் சேவை நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியே அழைத்து, 'நீங்களே சம்மதித்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்று சொன்னதை என்னால் அவ்வாறு பாராட்ட முடியவில்லை. கட்டங்களையும் நிபந்தனைகளையும் எழுத்தில் வைத்திருந்ததால்தான் நான் தப்பினேன். அரை ஷிப்ட் காலத்துக்குரிய ஊதியம் எப்படிக் கணக்கிடப்படும் என்ற கேள்விக்கும் சேவையிடம் பதில் இல்லை; அது உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலானது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். வேலைக்குத் திரும்பினால் வருமானம் குறையும் என்ற நிலை இருந்தால் எவர்தான் விரைவாகத் திரும்புவார்? இதை ஒதுக்கி வைத்துவிட்டு மணிக்கட்டின் கோணத்தை மட்டும் அளந்துகொண்டிருப்பது அரைகுறை வேலை. சக தொழிலாளர்களுக்கு என் ஏற்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும் எவருக்கும் தோன்றவில்லை. ஆய்வு மேசையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து இரண்டொருவர் முணுமுணுத்தது இயல்புதான்; என் பங்குக் கனமான ஜாப்களை அவர்கள்தானே தூக்கினார்கள்.

யாருக்கு இது பொருந்தும்? வேலையை மாற்றியமைக்க இடமுள்ள, பலவகை வேலைகள் நடக்கும் நிறுவனத்தில் இருப்பவருக்குப் பெரிதும் பயன்படும். இரண்டு இயந்திரமும் மூன்று ஆட்களும் உள்ள சிறிய பட்டறையில் 'முதல் கட்ட வேலை' என்று பிரித்துக் கொடுக்க எதுவும் இருக்காது. அங்கே இச்சேவையின் சிறந்த பகுதியே வெறும் தாளாகிவிடும். சொந்தமாகத் தொழில் செய்பவரோடு உட்கார்ந்து பேச ஃபோர்மேன் என்று ஒருவர் இல்லை. அவருடைய வாடிக்கையாளர்களிடம் கால அவகாசம் வாங்கிக் கொடுக்க இவர்களால் முடியாது. மேசை வேலை செய்பவருக்குப் பட்டறை அளவு முழுப் பார்வை வேண்டியதில்லை, நாற்காலியும் நேர ஏற்பாடும் சரியானால் பெரும்பாலும் போதும். தலைக்காயம், தண்டுவடக் காயம் போன்றவற்றுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றுக்கு நீண்ட கால, பல துறை நிபுணர்கள் சேர்ந்த மறுவாழ்வு வேண்டும். அங்கே 'சீக்கிரம்' என்ற அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போவதே தவறு. பழைய வேலைக்கே திரும்ப முடியாதவருக்கு வேறு தொழிலில் பயிற்சி தேடித் தருவது இவர்களுடைய திட்டத்தில் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

மூன்றாம் கட்டம் தொடங்கி, முழு ஷிப்ட்டும் என் பழைய லேத்தில் நின்ற அன்றே என் கோப்பை மூடிவிட்டார்கள். அவர்களுடைய கணக்கில் நான் வெற்றி. மணிக்கட்டு முறிந்தவருக்குப் பிடிவலிமை ஓராண்டு வரை மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கும் என்று முதல் நாளில் சொன்னவர்களும் அவர்களேதான். கோப்பு மூடியபோது என் கை அந்தப் பாதையின் நடுவில்தான் இருந்தது. ஹாயிஸ்ட்டை வேறு பிரிவுக்கு மாற்ற நிர்வாகம் முனைந்தபோது யாரிடம் முறையிடுவது என்று தெரியவில்லை. பழைய தொலைபேசி எண்ணில் தெரபிஸ்டைப் பிடித்து, அவர் தன் சொந்த நேரத்தில் ஃபோர்மேனிடம் பேசிய பிறகே அது நின்றது. ஆகவே சேருபவர்கள், முழு வேலைக்குத் திரும்பிய பிறகு குறைந்தது ஒருமுறையாவது தெரபிஸ்ட் பட்டறைக்கு வந்து பார்க்க வேண்டும் என்பதையும், மாற்றியமைத்த கருவிகளை அதுவரை எடுக்கக் கூடாது என்பதையும் முதல் நாள் திட்டத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.